பழைய பைபர் போட்டு (படகு) ஓட்டிப் பாத்தோம், மனசே விட்டுப் போச்சு. கோளாறு இன்ஜின்லயா, போட்டுலயா?

கரைவலை பேரன்:

வணக்கம். கொஞ்சம் நீளமா வரும், சுருக்கமா எழுத எனக்கு வராது, பொறுத்துக்கோங்க.

எங்க மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரரு, மண்டபம் பக்கம். இத்தன வருஷமா அடுத்தவங்க போட்டுல பங்குக்குத்தான் போயிட்டு இருக்காரு, நண்டு வலை, சீசன்ல கணவாய்த் தூண்டி. சொந்தமா சின்னதா ஒரு பைபர் போட்டு எடுத்துக் குடுத்துடலாம்னு நானும் அக்காவும் பேசி வச்சு, புதுசுக்கு கைல காசு இல்லாததால பழசு தேட ஆரம்பிச்சோம். ஒரு புரோக்கர் மூலமா ஒண்ணு வந்துச்சு. 24 அடி போட்டு, 9.9 எச்பி ரெண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு (போட்டுக்கு வெளிய பின்னாடி மாட்டுற இன்ஜின்) மாட்டி, எல்லாம் சேத்து ரெண்டே முக்கால் லட்சம்னாரு. எட்டு வருஷ போட்டுதான், ஒரே ஓனரு, இன்ஜின் வீட்டுப் புள்ள மாதிரி பாத்துக்கிட்டதுன்னு பேச்சு. வாட்சப்ல வந்த போட்டோவ பாத்தா நீலக் கலர் பெயிண்ட்டு பளபளன்னு, அக்கா உடனே பேரு வைக்கவே ஆரம்பிச்சுட்டா.

நேர்ல போனா முதல் விஷயம், பெயிண்ட் வாசனை இன்னும் போகல. ரெண்டாவது, நாங்க போய்ச் சேரும்போதே இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கு. "உங்களுக்காகத்தான் தம்பி ஸ்டார்ட் பண்ணி வச்சேன்"னாரு விக்கிறவரு. மச்சான் என்ன பாத்தாரு, நான் மச்சான பாத்தேன், ஒண்ணும் பேசல.

போட்ட மணல்ல இருந்து தண்ணிக்கு எறக்க வேண்டி அக்கம்பக்கத்துல வலை பிரிச்சுக்கிட்டு இருந்தவங்களையெல்லாம் கூப்புட்டாங்க, பத்து பேரு சேந்துதான் அசைக்க முடிஞ்சுது. மச்சான் பங்குக்குப் போற சம்மாட்டி (போட்டு ஓனர்) போட்டும் இதே 24 அடிதானாம், அத ஆறு பேரு சேந்தா கரை ஏத்திருவோம்ங்கிறாரு. இதுக்கு விக்கிறவரு சொன்ன பதிலு, "இது அந்தக் காலத்து தடிமன் தம்பி, இப்பல்லாம் பேப்பர் மாதிரி ஊத்துறானுக". எட்டு வருஷத்துக்கு முன்னாடி என்ன பெரிய அந்தக் காலம்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு.

ஆடி மாசம்ங்கிறதால கச்சான் (தென்மேற்குக் காத்து) நல்லா அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, ஆனா அவரு போட்ட நிறுத்தி வச்சிருந்தது வடகடல், அதாவது பாக் விரிகுடா பக்கம், அங்க கரையோரம் அலையே இல்ல. ஏறினது நாலு பேரு, விக்கிறவரு, அவரு பையன், மச்சான், நான். வலை கெடையாது, ஐஸ் கெடையாது, ஒரு கேன் பெட்ரோல் மட்டும். அப்பவே அமரம் (போட்டோட பின்பக்கம்) தாழ்ந்து கெடக்கு, அணியம் (முன்பக்கம்) தூக்கிக்கிட்டு நிக்குது. கெளம்பினதும் பையன் த்ராட்டில முறுக்குறான், சத்தம் மட்டும் எகிறுது, போட்டு நகர மாட்டேங்குது, கொஞ்சம் விட்டு மறுபடி முறுக்கினா கொஞ்சம் போகுது, திருப்பி அதே கத. போன்ல ஜிபிஎஸ் போட்டு பாத்தேன், காத்து முதுகுல இருக்க போகும்போதே அஞ்சு நாட்டத் (நாட்டுன்னா மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்) தாண்டல, திரும்பி வரும்போது காத்துக்கு முகம் குடுத்தா மூணு மூணரை. சம்மாட்டி போட்டு இதே 9.9ல நாலு பேர ஏத்திக்கிட்டு ஆறரை ஏழு போகும்னு மச்சான் சொல்றாரு.

இன்னும் ரெண்டு விஷயம் கண்ணுல பட்டுச்சு. இன்ஜின் மாட்டியிருக்க பின்பலகை இருக்குல்ல, த்ராட்டில ஏத்தும்போது அது லேசா அசையுது, அசையுதுன்னு சொல்றதா வளையுதுன்னு சொல்றதான்னு தெரியல, பெயிண்ட்டு மேல முடி மாதிரி ஒரு விரிசல் ஓடுது, தொறந்து மூடுது. அப்புறம் எறங்கும்போது உள்ள பாதம் நனையுற அளவு தண்ணி, போகும்போது காஞ்சு கெடந்த போட்டு. அல தெறிச்சதுன்னு சொன்னாரு. எந்த அல?

கரைக்கு வந்ததும் அவரே 30 ஆயிரம் கொறைக்கிறேன்னுட்டாரு. ப்ரொப்பல்லர் மாத்துனா பறக்கும், காத்து ஜாஸ்தி அதான் இழுக்குது, நாளைக்கு வேற பார்ட்டி அட்வான்ஸோட வருதுன்னு வழக்கமான பாட்டு. நாங்க இன்னும் ஒரு ரூபா குடுக்கல. அக்கா நகைய வச்சுத்தான் பணம் பொரட்டப் போறோம், அதான் பயமா இருக்கு. மச்சானுக்கு ஆச விடல, "இன்ஜின பிரிச்சு வேல பாத்தா போதும், போட்டு கெட்டியாத்தான் இருக்கு"ங்கிறாரு. எனக்கு நேர் எதிரா தோணுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க, இது இன்ஜின் கோளாறா, போட்டு கோளாறா, விட்டுட்டு வேற பாக்கவா?

---

பாம்பன் கெழவன்:

ஆடி மாசத்துல வடகடல்ல ஓட்டிக் காட்டுனாருன்னா அது ஓட்டிக் காட்டுனதே இல்ல தம்பி. கச்சான் காலத்துல தென்கடல்தான் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் கரையோரம் சும்மா கெடக்கும். வாடைக்காத்து (வடகிழக்குக் காத்து) கெளம்பினா அப்படியே மாறிரும், ஐப்பசி கார்த்திகைல வடகடல்ல நிக்க முடியாது, தென்கடல் அமைதியா இருக்கும். உங்க மச்சானுக்கு இது தெரியாம இருக்காது. அமைதியான பக்கமே மூணரை நாட்டுன்னா, வாடைக்காலத்துல நனைஞ்ச நண்டு வலைய ஏத்திக்கிட்டு எதிர்காத்துல கரை வந்து சேர நடுராத்திரி ஆயிரும்.

இன்ஜினா போட்டான்னு மண்டைய ஒடைக்காதீங்க. சம்மாட்டிகிட்ட கேட்டு அவரு இன்ஜின ஒரு மணி நேரம் வாங்கி இந்தப் போட்டுல மாட்டி ஓட்டுங்க. அப்புறம் இந்த இன்ஜின அவரு போட்டுல மாட்டி ஓட்டுங்க. 9.9 தான, ரெண்டு பேரு தூக்குனா முடிஞ்சுது. தெரிஞ்சுரும்.

---

அவுட்போர்டு மெக்கானிக்:

பெரியவர் சொன்னதுக்கு மேல பெருசா இல்ல, இருந்தாலும் இன்ஜின் பக்கம் நான் சொல்லிடுறேன்.

முதல்ல, சூடான இன்ஜின வச்சு ஒரு முடிவுக்கும் வராதீங்க. தேஞ்ச இன்ஜின் காலைல பச்சத் தண்ணியா இருக்கும்போதுதான் அடம் புடிக்கும், கயிறு இழுத்து இழுத்து தோள்பட்ட போயிரும். சூடாயிட்டா ஒரே இழுப்புல புடிச்சுக்கும். அதனால சொல்லாம கொள்ளாம விடியக்காலைல போங்க, மேல் மூடிய கழட்டி கைய வச்சுப் பாருங்க, சில்லுனு இருந்தா அப்புறம் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. ஸ்டார்ட் ஆனதும் பின்னாடி ஒரு சின்ன ஓட்ட வழியா தண்ணி பீச்சும் பாருங்க, அது நல்ல வேகமா வரணும், கொஞ்ச நேரம் ஓடினதும் வெதுவெதுப்பா இருக்கலாம், கை பொறுக்காத சூடா வந்தா இல்ல சொட்டு சொட்டா வந்தா உள்ள உப்பு அடச்சிருக்கு இல்லனா தண்ணி பம்புல இருக்க ரப்பர் இம்பெல்லர் போயிருச்சு. இம்பெல்லர் சின்னச் செலவு. உப்பு அடைப்பு பிளாக்குக்குள்ள இருந்தா பெரிய செலவு. ஓடி முடிஞ்சதும் நல்ல தண்ணில ஓட்டிக் கழுவுற பழக்கம் இவருக்கு இருக்கான்னு பக்கத்துக் கரைக்காரங்ககிட்ட சும்மா கேட்டுப் பாருங்க, சொல்லிடுவாங்க.

இதுல ரெண்டு சிலிண்டர். ரெண்டு ப்ளக்கையும் கழட்டி கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள்ள அழுத்தம் எவ்வளவுன்னு காட்டுற மீட்டர்) வச்சு இழுக்கணும். நம்பர் எவ்வளவுங்கிறத விட ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம், பத்து சதவீதத்துக்குள்ள இருந்தா நிம்மதி. கேஜ் இல்லன்னா ஓடும்போது ஒரு ப்ளக் கேப்ப உருவிப் பாக்குறது நம்ம ஊரு வழக்கம், சத்தம் மாறலன்னா அந்த சிலிண்டர் வேலையே செய்யலன்னு அர்த்தம். ஆனா ஷாக் அடிக்கும், அந்த வயர பாடில எர்த் பண்ணாம தொங்க விட்டா ப்ளக்குக்கு கரண்ட் குடுக்குற சிடிஐ யூனிட் போகவும் வாய்ப்பிருக்கு, அதனால தெரிஞ்ச ஆள வச்சு பண்ணுங்க.

இப்ப உங்க விவரத்துல எனக்கு உறுத்துற எடம்: "சத்தம் எகிறுது, போட்டு நகரல". இன்ஜினுக்கு தம் இல்லன்னா சத்தம் எகிறாது, முக்கிக்கிட்டு நிக்கும். எகிறுதுன்னா இன்ஜின் சுத்துது, அந்தச் சுத்து தண்ணிக்குப் போய்ச் சேரல. ப்ரொப்பல்லருக்கு நடுவுல ஒரு ரப்பர் புஷ் இருக்கும், கல்லுல மண்ணுல இடிச்சா கியர் ஒடையாம காப்பாத்துறதுக்கு. அது வயசாகி வழுக்க ஆரம்பிச்சா நீங்க சொன்ன கதையேதான், மெதுவா முறுக்கினா புடிக்கும், ஜாஸ்தி முறுக்கினா வழுக்கும். சோதிக்க காசே வேணாம், ப்ரொப்பல்லரோட உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் சேத்து பெயிண்ட்ல ஒரு நேர்கோடு போடுங்க, ஓட்டிட்டு வந்து பாருங்க, கோடு ரெண்டா பிரிஞ்சு நின்னா புஷ் வழுக்குது.

டெஸ்ட்ட பெட்ரோல்லயே முடிச்சாரா, இல்ல மண்ணெண்ணெய்க்கு மாத்திக் காட்டுனாரா? அது மண்ணெண்ணெய் இன்ஜினா இருந்தா பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி சூடானதும் மாத்தணும், நிறுத்துறதுக்கு முன்னாடி திரும்ப பெட்ரோலுக்கு வரணும். மண்ணெண்ணெய்ல பவர் கொஞ்சம் கொறையும், கார்பன் புடிக்கும். உங்க மச்சான் தெனமும் எதுல ஓட்டப் போறாரோ அதுலதான் டெஸ்ட்.

---

கரைவலை பேரன்:

மெக்கானிக் அண்ணே, பெட்ரோல் மட்டும்தான், மண்ணெண்ணெய் டேங்க் பைப்பே கழட்டிக் கெடந்துச்சு, கேட்டதுக்கு "இப்ப மண்ணெண்ணெய் எங்க கெடைக்குது"ன்னுட்டாரு, அதுவும் ஒரு வகைல உண்மதான், ஒதுக்கீடு கொறஞ்சுக்கிட்டே வருதுன்னு எல்லாரும் பொலம்புறாங்க. தண்ணி பீச்சுறது நல்லாத்தான் வந்துச்சுன்னு ஞாபகம். பெரியவர் சொன்ன மாத்தி மாட்டுற யோசனைய மச்சான்கிட்ட சொன்னதும் முகம் மாறிருச்சு, சம்மாட்டிகிட்ட எப்படிக் கேக்குறதுன்னு. தன் போட்டுல இருந்து ஆளு போகப் போறான்னு தெரிஞ்சா அவரு என்ன நெனப்பாரோன்னு தயக்கம்.

---

பைபர் தூசி:

போட்டு கட்டுற யார்டுல பதினஞ்சு வருஷத்துக்கு மேல மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வெட்டி ரெசின் (அத இறுக வைக்கிற பசை) ஊத்துறவன் சொல்றேன், உங்க மச்சான் "போட்டு கெட்டியா இருக்கு"ன்னு சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போடுது. நீங்க எழுதுன மூணு விஷயத்த மட்டும் எடுத்துக்கோங்க: தூக்க பத்து பேரு, அமரம் தாழ்ந்து கெடக்கு, பின்பலகை வளையுது. இன்ஜின் பேச்சே தேவையில்ல.

பைபர் போட்டு முழுக்க பைபர்னு ஜனங்க நெனக்கிறாங்க. பின்பலகைக்குள்ள மரம் இருக்கும், பெரும்பாலும் ப்ளைவுட், அத ரெண்டு பக்கமும் பைபர் போத்தியிருப்போம். இன்ஜின் மாட்ட அதுல போல்ட்டு ஓட்ட போடுறாங்க, ஓட்டைய ரெசின் வச்சு அடைக்கிறவன் நூத்துல ஒருத்தன். வருஷக்கணக்கா அந்த வழியா தண்ணி எறங்கி மரம் ஊறி உள்ளயே மக்கிப் போகும், வெளில பாத்தா ஒண்ணும் தெரியாது, பெயிண்ட்டு அடிச்சா புதுப் பொண்ணுதான். இன்ஜின் முறுக்கும்போது வளையுதுன்னா உள்ள மரம் இல்ல, ஈரத் தூள்தான் இருக்கு. நீங்க பாத்த முடி விரிசல் பெயிண்ட் விரிசல் இல்லங்க. நடுக்கடல்ல அந்தப் பலகை கிழிஞ்சு இன்ஜினோட கீழ போன கதையெல்லாம் உண்டு.

அடுத்தது எடை. கவுந்தாலும் முழுகாம இருக்க அணியத்துலயும் அமரத்துலயும் தட்டுக்குக் கீழ ஃபோம் ஊத்துவோம், சில யார்டுல காசு மிச்சம் பண்ண தெர்மாகோல் கட்டைய வெட்டி அடுக்கிருவாங்க. நல்ல ஃபோம் தண்ணி குடிக்காது, மட்ட ஃபோம் குடிக்கும், தெர்மாகோலும் அதுல இருக்க குட்டி உருண்டைங்களுக்கு நடுவுல தண்ணி புடிச்சு வச்சுக்கும், அதுபோக பெட்ரோல் ஒழுகினா தெர்மாகோல் கரைஞ்சே போயிரும், இன்ஜின் பக்கம் பெட்ரோல் சிந்தாத போட்டு எது? ஒருதடவ ஊறிட்டா வெயில்ல ஆறு மாசம் கவுத்துப் போட்டாலும் காயாது, மூடுன அறைக்குள்ள காத்து எங்க போகும். அந்த எடையத்தான் பத்து பேரு தூக்குனீங்க. அந்த எடையத்தான் 9.9 இழுக்க முடியாம இழுத்துச்சு.

எப்படி உறுதி பண்றது? ஒரு மரச் சுத்தி, இல்லனா பெரிய ஸ்பேனரோட கைப்பிடி எடுத்து அணியத்துல இருந்து அமரம் வரைக்கும் தட்டிக்கிட்டே வாங்க, நல்ல எடத்துல டங்குனு கணீர்னு கேக்கும், மேட் அடுக்கு பிரிஞ்ச எடத்துலயும் மரம் செத்த எடத்துலயும் தொப்புனு செத்த சத்தம் வரும். சாக்பீஸ்ல வட்டம் போட்டுக்கிட்டே வாங்க, கடைசில மொத்தமா பாத்தா உங்களுக்கே புரியும். விக்கிறவரு சம்மதிச்சா ஃபோம் அறைக்கு அடிப்பாகத்துல சின்ன டிரில் ஓட்ட ஒண்ணு போட்டுப் பாருங்க, தண்ணி சொட்டும், அப்புறம் ரெசின் வச்சு அடச்சிரலாம், அஞ்சு நிமிஷ வேல. சம்மதிக்கலன்னா அதுவே பதிலு. போட்ட லாரில ஏத்துற மாதிரி வந்தா போற வழில எடை மேடைல லாரிய தனியாவும் போட்டோடவும் நிறுத்திப் பாருங்க, ஊத்துன யார்டுல கேட்டா அந்த மோல்டுல (அச்சுல) ஊத்துற போட்டு எவ்வளவு எடை இருக்கணும்னு சொல்லுவாங்க.

இன்னொண்ணு, "அந்தக் காலத்து தடிமன்" பேச்ச நம்பாதீங்க. 2004 டிசம்பர் சுனாமிக்கு அப்புறம் நிவாரணமா ஆயிரக்கணக்குல போட்டு குடுத்தாங்க, ராத்திரி பகலா அவசரத்துல ஊத்துனதுல நல்லதும் இருந்துச்சு, ரெண்டு அடுக்கு மேட் கொறச்சு ஊத்துனதும் நெறைய இருந்துச்சு. அதுல சிலது இன்னிக்கும் கை மாறி பெயிண்ட் மாறி சுத்திக்கிட்டுதான் இருக்கு.

---

மணப்பாட்டு மச்சான்:

எல்லாரும் விடு விடுன்னா எப்படி. இதே மாதிரி ஒண்ண நான் எடுத்து ஓட்டிக்கிட்டுதான் இருக்கேன். பின்பலகைய வெட்டி எடுத்து புதுசா மரைன் ப்ளைவுட் வச்சு மூடி, அமரத்துத் தட்டத் தொறந்து ஊறுன ஃபோம மண்வெட்டியால அள்ளி வீசிட்டு (நாத்தம்னா நாத்தம், ஒரு வாரம் கை நாறுச்சு) புது ஃபோம் ஊத்தி மூடுனோம். போட்டு இப்ப ஜம்முனு போகுது. ஆனா ஒண்ணு, எனக்கு போட்டு கெடச்ச வெல வெறும் இருவது ஆயிரம், வேல பாத்தது சொந்தக்காரப் பையன், கூலி இல்ல. ரெண்டே கால் லட்சத்துக்கு மேல குடுத்துட்டு அதுக்கு மேல இந்த வேலையும் பாக்குறதுன்னா உங்க அக்கா நகை திரும்பி வராது.

---

தூண்டில் பைத்தியம்:

நான் சென்னைல பொழுதுபோக்குக்கு தூண்டில் போடுறவன், உங்கள மாதிரி தொழில் இல்ல, அதனால ரெண்டு வார்த்தையோட நிறுத்திக்கிறேன். ஸ்பீடு பாக்கும்போது காத்து மட்டும் இல்ல, நீவாடும் (கடல் நீரோட்டம்) கணக்குல வரும். ஒரே கோட்டுல போயிட்டு அதே கோட்டுல திரும்பி ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தாத்தான் ஓரளவு நெஜம் தெரியும். உங்க கணக்குல பாத்தா நாலே கால் நாட்டு. ப்ளக் வயர்ல சுத்தி வைக்கிற சின்ன டேக்கோமீட்டர் ஆன்லைன்ல சல்லிசா கெடைக்குது, ஃபுல் த்ராட்டில்ல ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தன சுத்து) 5000 பக்கம் ஏறுதான்னு பாருங்க. ஏறியும் போட்டு போகலன்னா ப்ரொப்பல்லர், ஏறவே இல்லன்னா போட்டு கனம் இல்லனா இன்ஜின் சோர்வு.

---

வடகரை வக்கீல் குமாஸ்தா:

யாரும் பேப்பர் பத்தி பேசலையே. நான் சொல்லியே ஆகணும், ஏன்னா எங்க பக்கம் இதுல மாட்டி அலையுறவங்கள வாரா வாரம் பாக்குறேன்.

போட்டு அணியத்துல எழுதியிருக்க பதிவு எண்ணும் பதிவுப் புத்தகத்துல இருக்க எண்ணும் ஒண்ணான்னு பாருங்க. ஐஎன்டி, டிஎன், அப்புறம் மாவட்டத்துக்கான எண், அப்புறம் எம்ஓ இல்லனா எம்எம்னு வரும், உங்க மாதிரி இன்ஜின் மாட்டுன நாட்டுப்படகுக்கு எம்ஓ, விசைப்படகுக்கு எம்எம். மாவட்ட எண் வேறயா இருந்தா போட்டு வேற ஊர்ல இருந்து வந்துருக்குன்னு அர்த்தம், அங்கிருந்து தடையின்மைச் சான்று இல்லாம இங்க பேரு மாத்துறது இழுபறி. பேரு மாத்தாம வெள்ளப் பேப்பர்ல எழுதி வாங்குற வேலையே வேணாம், நாளைக்கு மானியமோ நிவாரணமோ பழைய ஓனர் பேருக்குத்தான் போகும். மீன்வள உதவி இயக்குநர் ஆபீஸ்ல புத்தக நகலோட போய் கேட்டா போட்டு எந்த வருஷம் பதிவானதுன்னு சொல்லிடுவாங்க. இன்ஜின் அரசு மானியத்துல வாங்குனதா, விக்கிறதுக்கு ஏதாவது நிபந்தனை இருக்கான்னும் அங்கயே கேட்டுக்கோங்க.

மண்டபம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி பக்கம் பைபர் போட்டுன்னா போலீஸு, கஸ்டம்ஸு, கோஸ்ட் கார்டு எல்லாருக்குமே ஒரு கண்ணு உண்டு, பீடி இலை, மஞ்சள், கடல் அட்டைன்னு அக்கரைக்கு, அதாவது இலங்கைக்கு, கடத்துற கேஸு அடிக்கடி வருது. இந்தப் போட்டும் இன்ஜினும் எந்தக் கேஸ்லயும் இல்லன்னு மரைன் போலீஸ் ஸ்டேஷன்ல விசாரிச்சுக்கோங்க. இன்ஜின் நம்பர அரம் வச்சு ராவியிருந்தா கை வைக்காம திரும்பிருங்க.

---

கரைவலை பேரன்:

எல்லாருக்கும் நன்றி, சொல்லாம விட்டா நல்லாருக்காதுன்னு நடந்தத எழுதுறேன்.

கடைசில அக்காதான் சம்மாட்டி வீட்டுக்குப் போய் அவரு சம்சாரத்துகிட்ட விஷயத்தச் சொல்லியிருக்கா. அவரு கோவப்படல, "என்கிட்ட மொதல்லயே கேக்குறதுக்கென்ன"ன்னு மச்சானத் திட்டிட்டு இன்ஜினோட தானும் வந்துட்டாரு. விடியறதுக்கு முன்னாடி போனோம். விக்கிறவருக்குப் பிடிக்கல, ஆனா சம்மாட்டி நிக்கும்போது ஒண்ணும் சொல்ல முடியல.

இன்ஜின் சில்லுனு இருந்துச்சு, நாலஞ்சு இழுப்புல புடிச்சுக்கிச்சு. ப்ரொப்பல்லர்ல கோடு போட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வந்தா கோடு ரெண்டா பிரிஞ்சு கெடக்கு, மெக்கானிக் அண்ணன் சொன்னது அப்படியே. உடனே விக்கிறவரு மூஞ்சில ஒரு வெளிச்சம், "நான் அன்னிக்கே சொல்லல, ப்ரொப்பல்லர்தான்னு". சரின்னு சம்மாட்டி ப்ரொப்பல்லர மாட்டி ஓட்டுனோம். வழுக்கல் நின்னுச்சு, ஆனா போக வர சராசரி பாத்தா அஞ்சுக்கு மேல ஏறல. அப்புறம் சம்மாட்டியோட முழு இன்ஜினையே இதுல மாட்டுனோம், அதே அஞ்சு, ஒரு இம்மி கூட இல்ல. இவரு இன்ஜின சம்மாட்டி போட்டுல மாட்டி நல்ல ப்ரொப்பல்லரோட விட்டா ஆறரை சும்மா தொட்டுச்சு, மச்சானே சிரிச்சுட்டாரு.

தட்டிப் பாக்குற வேலைய நான் எடுத்துக்கிட்டேன். அணியம் நல்லாருக்கு. நடுவுல ரெண்டு எடம் சந்தேகம். அமரத்துல பின்பலகையும் அதுக்கு முன்னாடி இருக்க தட்டும் முழுக்க செத்த சத்தம், சாக்பீஸ் வட்டம் போடவே எடம் பத்தல. டிரில் போடலாமான்னு கேட்டேன், "ஓட்ட போட்ட போட்ட எவன் வாங்குவான்"னு சத்தம் போட்டுட்டாரு. பதிவுப் புத்தகத்துல வருஷம் 2009, எட்டு வருஷக் கதை அங்கயே முடிஞ்சுது. எண்ணு மாவட்டமும் வேற.

போட்டு வேணாம்னு மச்சானே வாய் விட்டு சொல்லிட்டாரு. இப்ப புதுசா ஒரு பேச்சு: இன்ஜின மட்டும் தனியா குடுக்குறேங்கிறாரு, 70 ஆயிரம் கேக்குறாரு. இன்ஜின் நம்பர் தெளிவா இருக்கு, பில்லு இருக்கு, மானிய இன்ஜின் இல்லன்னு பில்ல காட்டுறாரு. போட்டு மட்டும் யார்டுல கடனுக்கு புதுசா ஊத்திக்கலாமான்னு சம்மாட்டியும் மச்சானும் பேசிக்கிட்டு இருக்காங்க. 70 நியாயமா அண்ணே?

---

அவுட்போர்டு மெக்கானிக்:

70 ஜாஸ்தி. ப்ரொப்பல்லர் புஷ்ஷு போச்சு, மண்ணெண்ணெய் பக்கம் ஓட்டிப் பாக்கவே இல்ல, கார்புரேட்டர் கழுவணும், இம்பெல்லரும் எப்ப மாத்துனதுன்னு அவருக்கே தெரியாது. 45ல ஆரம்பிங்க, 50க்கு மேல போகாதீங்க. காசு குடுக்குறதுக்கு முன்னாடி இன்னும் ஒரே ஒரு வேல பாக்கி, கீழ கியர் பெட்டில அடி ஸ்க்ரூவ லேசா லூஸ் பண்ணுங்க, ஆயில் கருப்பாவோ தேன் கலர்லயோ வந்தா சரி, வெளுத்துப் போய் கொழகொழன்னு வந்தா சீல் வழியா உப்புத் தண்ணி உள்ள போயிருக்கு, அப்படின்னா 30 கூட குடுக்காதீங்க. ராத்திரி முழுக்க நிக்க வச்ச இன்ஜின்ல பாருங்க, தண்ணி இருந்தா அடில தங்கி முதல்ல வரும். மறக்காம மேல் ஸ்க்ரூவ முழுசா கழட்டிறாதீங்க, மொத்த ஆயிலும் மணல்ல போயிரும்.

---

பைபர் தூசி:

புதுசா ஊத்துனா ஊத்துற அன்னிக்கு பக்கத்துல நின்னு மேட் எத்தன அடுக்குன்னு எண்ணுங்க, பின்பலகை மூடுறதுக்கு முன்னாடி மரத்த போட்டோ எடுத்து இங்க போடுங்க, பாத்து சொல்றேன். போல்ட்டு ஓட்டைய மட்டும் அவங்கள போட விடாதீங்க, நான் முறை சொல்லித் தர்றேன்.